பெரிய மீன் தொட்டியின் வெளி வடிகட்டி: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். பெரிய மீன்கள்மேல் ஆசை வைத்தவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் தொட்டி அளவு இது. கணக்குப்படி ஏறத்தாழ 680 லிட்டர். மணலும் மரவேரும் அடைக்கும் இடத்தையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் 600 லிட்டர் தண்ணீர் நிற்கும். சென்னையில் என் வீட்டுக் கூடத்தில் இருப்பதும் இதே அளவுதான். அதில் மூன்று ஆஸ்கர் மீன்களும் ஒரு சிறு சில்வர் டாலர் மீன் கூட்டமும் இருக்கின்றன. தொட்டிக்குக் கீழே மரப்பெட்டிக்குள் இரண்டு கேனிஸ்டர் வடிகட்டிகள், அதாவது குழாய்களால் தொட்டியோடு இணைந்த மூடிய டப்பாக்கள், ஓடுகின்றன.

இப்படிப்பட்ட தொட்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “எந்த வடிகட்டி வாங்கலாம்?” என்பது. நான் திருப்பிக் கேட்பது, “இப்போது இருப்பது என்ன செய்கிறது?” என்று. ஓட்டம் குறைந்ததா, தண்ணீர் கலங்கியதா, மீன் மேலே வந்து மூச்சு வாங்குகிறதா, சத்தம் வருகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. சில அறிகுறிகளுக்குக் கழுவினால் போதும். சிலவற்றுக்குக் குழாயின் வாயைத் திருப்பி வைத்தால் போதும். மிகச் சிலவற்றுக்குத்தான் புதிய வடிகட்டி தேவைப்படும். அந்தச் சிலவற்றிலும், பழையது எப்படித் தோற்றது என்று தெரியாமல் புதியதைத் தேர்ந்தெடுத்தால் அதே கோளாறு ஆறு மாதத்தில் திரும்பி வரும்.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு வாளி அளவு

வடிகட்டி வாங்கிய பெட்டியில் “மணிக்கு 2000 லிட்டர்” என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் உள்ளே பஞ்சு, செராமிக் வளையம் எதுவும் இல்லாமல் பம்பின் திறனை மட்டும் சொல்லும் எண். உங்கள் வீட்டில் எவ்வளவு வருகிறது என்பதை நீங்களேதான் அளக்க வேண்டும்.

பத்து லிட்டர் வாளி ஒன்றையும் கைபேசியில் உள்ள கடிகாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் திரும்பி வரும் குழாயின் வாயை வாளிக்குள் விட்டு, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 36 விநாடி என்றால் மணிக்கு 1000 லிட்டர். 24 விநாடி என்றால் 1500. ஒரு நிமிடம் ஆனால் 600.

இதில் ஒரு கவனம் தேவை. குழாயின் வாய் தொட்டியின் நீர்மட்ட உயரத்திலேயே இருக்க வேண்டும். வாளியைத் தரையில் வைத்து அளந்தால், மேலிருந்து கீழே இறங்கும் தண்ணீரின் எடையே பம்புக்கு உதவிசெய்து பொய்யான எண்ணைத் தரும். உயரமான முக்காலிமேல் வாளியை வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் குழாயைப் பிடிக்கலாம்.

இதோடு சேர்ந்த ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். “வடிகட்டி தரையில், தொட்டி நான்கடி மேலே, அவ்வளவு உயரம் தூக்குவதால்தான் ஓட்டம் குறைகிறது” என்று பலர் நம்புகிறார்கள். கேனிஸ்டர் ஒரு மூடிய சுற்று. ஒரு பக்கம் இறங்கும் தண்ணீரின் அழுத்தமே மறுபக்கம் ஏறும் தண்ணீரைத் தாங்கிக்கொள்கிறது. ஓட்டத்தைத் தின்பது உராய்வு: நீளமான குழாய், கூர்மையான வளைவு, அடைத்துப்போன பஞ்சு, தண்ணீரைப் பரப்பி விடும், நுண்துளைகள் கொண்ட ஸ்ப்ரே பார் குழாய். ஆகவே சக்தி மிகுந்த பம்பைத் தேடும் முன், தேவைக்கு மேல் சுருண்டு கிடக்கும் குழாயை வெட்டிக் குறையுங்கள்.

கழுவி முடித்த அன்று வரும் எண்ணை வடிகட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். இனி வரும் எல்லாச் சந்தேகங்களுக்கும் அதுதான் அளவுகோல்.

ஓட்டம் குறைந்துவிட்டது

கழுவி எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் முதல் துப்பு. ஆறு முதல் எட்டு வாரங்களில் ஓட்டம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தால் அது கோளாறில்லை. கழுவும் நாள் வந்துவிட்டது என்று பொருள். இரண்டே வாரத்தில் அந்த நிலைக்கு வந்தால்தான் தேட வேண்டும்.

தேடும்போது எளியதிலிருந்து தொடங்குங்கள். முதலில் தொட்டிக்குள் இருக்கும் உறிஞ்சுகுழாயின் வலைமூடி. இலை, நத்தை, சில நேரம் இறந்துபோன சிறு மீன் அதில் ஒட்டியிருக்கும். பிறகு குழாய்களை இணைக்கும் திருகு அடைப்பான். கழுவிய பிறகு பாதி மட்டும் திறந்து விட்டிருப்போம். பெட்டியின் முதுகுப் பக்கம் குழாய் மடிந்து நசுங்கியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

மூன்றும் சரியாக இருந்தால் மூடியைத் திறந்து, கடைசி அடுக்கில் உள்ள மெல்லிய வெள்ளைப் பஞ்சை மட்டும் எடுத்துவிட்டு ஓடவிடுங்கள். ஓட்டம் சட்டென்று ஏறினால் குற்றவாளி அந்தப் பஞ்சுதான். தண்ணீரைப் பளிங்குபோல் ஆக்குவதும் அதுதான், முதலில் அடைத்துக்கொள்வதும் அதுதான். அதை அலசி மீண்டும் போடுவதைவிட மாற்றிவிடுவது நல்லது. அது இல்லாமலேயே ஓடுவதும் தவறில்லை. ஆஸ்கர் போன்ற மீன்களுக்கு நான் அதை மாதத்தில் சில நாட்கள் மட்டுமே போடுகிறேன்.

பஞ்சை எடுத்தும் ஓட்டம் ஏறவில்லை என்றால் குழாயின் உட்சுவர். வெளியிலிருந்து பார்க்கத் தெளிவாக இருக்கும் குழாயின் உள்ளே பழுப்பு நிறத்தில் வழவழப்பான படலம் படிந்து, குழாயின் விட்டத்தைக் குறுக்கிவிடுகிறது. நீளமான கம்பிச்சுருள் தூரிகையை ஒருமுறை விட்டு இழுத்தால் வெளியே வரும் சேற்றின் அளவு உங்களை வியக்க வைக்கும். வருடக்கணக்கில் இதை யாரும் செய்வதில்லை. ஓட்டம் குறைந்த பல வடிகட்டிகளுக்கு இதுவே போதுமான சிகிச்சை.

அதன் பிறகும் குறைவாகவே இருந்தால் இம்பெல்லர். காந்தத்தோடு சேர்ந்த அந்தச் சிறு விசிறியை வெளியே எடுத்து, அது உட்காரும் குழியைப் பழைய பல் துலக்கும் தூரிகையால் துடையுங்கள். விசிறியின் இதழ் உடைந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

இத்தனையும் செய்து ஓட்டம் பழைய எண்ணுக்கு வந்தும், மீண்டும் இரண்டே வாரத்தில் படுத்துவிடுகிறதா? அப்போதுதான் இது தேர்வில் நேர்ந்த குறை. பெரிய கழிவை முதலிலேயே பிடித்து நிறுத்தும் இடம் உங்கள் வடிகட்டியில் போதவில்லை. புதிதாக வாங்கும் முன், உறிஞ்சுகுழாயின் வாயில் சொரசொரப்பான பெரிய ஸ்பாஞ்சு ஒன்றை மாட்டிப் பாருங்கள். வாரம் ஒருமுறை அதை மட்டும் எடுத்துப் பிழிந்துவிட்டால் வடிகட்டியைத் திறந்து கழுவும் இடைவெளி பல மடங்கு நீளும். பிழியும்போது ஒரு பாத்திரத்தை அடியில் பிடித்தபடியே வெளியே எடுங்கள். இல்லையென்றால் பிடித்து வைத்த அழுக்கெல்லாம் தொட்டிக்கே திரும்பும்.

ஓட்டம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் அழுக்கு மிதக்கிறது

வடிகட்டியைத் திறந்து எந்த அடுக்கு மிகவும் அழுக்காக இருக்கிறது என்று பாருங்கள். பல கேனிஸ்டர்களில் தண்ணீர் அடிக்கு இறங்கி, கீழிருந்து மேலாகக் கூடைகளைத் தாண்டி வருகிறது. அவற்றில் அடிக்கூடையில் சொரசொரப்பான ஸ்பாஞ்சும், நடுவில் செராமிக் வளையங்களும், மேலே மெல்லிய பஞ்சும் இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகப் பாயும் வடிவங்களும் உண்டு. கடையில் நிரப்பிக் கொடுத்தபடியே ஓடவிட்டு, வளையங்கள் சேற்றில் புதைந்து கிடக்க, ஸ்பாஞ்சு புதிதுபோல் இருப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அடுக்கு தலைகீழாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

எல்லா அடுக்கும் சுத்தமாக இருந்து தொட்டி மட்டும் அழுக்காக இருந்தால், தண்ணீர் கூடைகளுக்குள் போகாமல் கூடைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து வழியாகத் தப்பிவிடுகிறது. கூடைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக அமர்ந்திருக்கின்றனவா, அவற்றின் ரப்பர் விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி விளிம்பே இல்லாத வடிவம் என்றால், அடுத்தமுறை கடையில் மூடியைத் திறந்து கூடையை ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். லொடலொடவென்று ஆடும் கூடை வேண்டாம்.

மூன்றாவது காரணம் இன்னும் எளியது: அழுக்கு வடிகட்டியின் வாய்க்கே வந்து சேரவில்லை. ஆறடித் தொட்டியில் உறிஞ்சுவதும் திரும்பி விழுவதும் ஒரே முனையில் இருந்தால் மறுமுனை குட்டையாகத் தேங்கிவிடும். கழிவு எந்த மூலையில் குவிகிறது என்று இரண்டு நாள் பாருங்கள். உறிஞ்சும் வாயை அந்த மூலைக்கு மாற்றுங்கள்; திரும்பும் வாயை எதிர்முனையில் வைத்து நீளவாக்கில் தள்ளுங்கள். குழாய் எட்டவில்லை என்றால் தொட்டிக்குள் தண்ணீரைத் தள்ளும் சிறிய வேவ் மேக்கர் ஒன்று அந்த வேலையைச் செய்யும். இன்னொரு வடிகட்டிக்கான செலவைப் பலருக்கு இது மிச்சப்படுத்தியிருக்கிறது.

தண்ணீர் கலங்கிவிட்டது

நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். தேநீர் நிறம் என்றால் மரவேரிலிருந்து இறங்கும் சாயம். மீனுக்குக் கெடுதல் இல்லை. பிடிக்காவிட்டால் ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பையில் போடுங்கள், சில வாரங்களில் அதன் உறிஞ்சும் திறன் தீர்ந்ததும் எடுத்துவிடுங்கள். பச்சை என்றால் மிதக்கும் பாசி. எவ்வளவு பெரிய வடிகட்டியும் அதைப் பிடிக்காது, அத்தனை நுண்ணியது. ஜன்னல் வெயிலை மறையுங்கள், விளக்கு நேரத்தைக் குறையுங்கள், அல்லது புற ஊதா விளக்கு உள்ள வடிகட்டியைப் பயன்படுத்துங்கள்.

பால் கலந்ததுபோன்ற வெண்மையைத்தான் பொருட்படுத்த வேண்டும். புதிய தொட்டியில் முதல் சில வாரங்களில் இது இயல்பு. பழைய தொட்டியில் திடீரென்று வந்தால், “நேற்று வடிகட்டியைக் கழுவினீர்களா?” என்றுதான் நான் கேட்பேன். பெரும்பாலும் ஆமாம் என்றே பதில் வரும். குழாயடியில் வைத்து, வெள்ளை வெளேரென்று வரும்வரை தேய்த்துக் கழுவியிருப்பார்கள். செராமிக் வளையத்தின் நுண்துளைகளில் குடியிருப்பவை மீனின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் கிருமிகளைக் கொல்லவே போடப்படுகிறது; இவற்றையும் அது விட்டுவைக்காது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு முறை மெதுவாக அலசுவதுதான் வளையங்களுக்கு வேண்டிய முழுச் சுத்தம். பழுப்பு நிறம் போகத் தேவையில்லை. ஒரே நாளில் எல்லாக் கூடைகளையும் தொடவும் வேண்டாம். ஸ்பாஞ்சு ஒருமுறை, வளையங்கள் சில வாரங்கள் கழித்து.

தவறு நடந்துவிட்டதென்றால் உணவை இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். ஆரோக்கியமான பெரிய மீன் அதைத் தாங்கும். தினமும் கால்பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கியபின், மாற்றுங்கள். அம்மோனியாவை டெஸ்ட் கிட்டால் பாருங்கள். அது பூஜ்யத்துக்குத் திரும்பும்வரை தொடருங்கள்.

காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன

இந்த அறிகுறிக்கு அவசரம் அதிகம். முதலில் ஏர் பம்பைப் போடுங்கள், பிறகு காரணம் தேடுங்கள்.

நம் ஊர் வெப்பத்தை மனத்தில் வையுங்கள். 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும்; 30 டிகிரியில் அது 7.6 ஆகக் குறைகிறது. அதே வெப்பத்தில் மீனுக்கோ மூச்சுத் தேவை கூடுகிறது. மே மாதத்தில் சென்னைத் தொட்டி ஒன்று 31, 32 டிகிரி காட்டுவது சாதாரணம். வடிகட்டியின் பாக்டீரியாக்களும் அதே ஆக்சிஜனைத்தான் உண்கின்றன: ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ நான்கரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். கேனிஸ்டரோ முழுவதும் மூடிய பாத்திரம். அதற்குள் காற்று படுவதே இல்லை. ஆகவே திரும்பும் தண்ணீர் நீர்ப்பரப்பைக் கலக்கிக்கொண்டே விழ வேண்டும். சத்தம் பிடிக்காமல் ஸ்ப்ரே பாரை ஆழத்தில் இறக்கி வைத்திருந்தால் அதை இன்றே மேலே தூக்குங்கள். பரப்பு முழுவதும் சுருக்கம் விழ வேண்டும்.

பரப்பில் எண்ணெய்போல் மெல்லிய ஏடு படிந்திருந்தால் அதுவும் காற்றுப் பரிமாற்றத்தைத் தடுக்கும். ஒரு காகிதத்தைப் பரப்பி எடுத்தால் ஏடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஓட்டத்தைச் சரிசெய்தால் மீண்டும் படியாது.

இரவில் மின்சாரம் போயிருந்தால் கதை வேறு. இதை நான் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்கு நான் விலை கொடுத்திருக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது எங்கள் தெருவில் ஒன்றரை நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. பேட்டரி ஏர் பம்பு வைத்திருந்தேன், மீன்கள் நன்றாகவே இருந்தன. இரவில் மின்சாரம் வந்தது. இரண்டு வடிகட்டிகளும் தாமாகவே ஓடத் தொடங்கின. நான் நிம்மதியாகப் படுத்துவிட்டேன். காலையில் கூடம் முழுவதும் அழுகிய முட்டை நாற்றம். எட்டு ஆண்டுகள் வளர்த்த ஆஸ்கர் ஒன்றும் நான்கு சில்வர் டாலர்களும் இறந்து கிடந்தன. புயலைத் தாண்டி வந்த மீன்களைக் கொன்றது, மூடிய டப்பாவுக்குள் ஒன்றரை நாள் அழுகிய தண்ணீர்.

ஓட்டம் நின்றதும் டப்பாவுக்குள் இருக்கும் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடுகிறது. பிறகு அங்கே சிக்கிய கழிவு காற்றின்றி அழுகுகிறது. மின்சாரம் திரும்பிய கணத்தில் அவ்வளவும் தொட்டிக்குள் கொட்டுகிறது. ஆகவே நான் இப்போது கடைப்பிடிக்கும் முறை இது. அரைமணி நேரத் தடை என்றால் ஒன்றும் செய்வதில்லை. இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் வடிகட்டியின் சுவிட்சை அணைத்துவிடுகிறேன். மின்சாரம் வந்தாலும் தானாக ஓடக்கூடாது. தடை நீளும் என்று தெரிந்தால் மூடியைத் திறந்து செராமிக் வளையக் கூடைகளை மட்டும் தொட்டிக்குள்ளேயே இறக்கி, பக்கத்தில் பேட்டரி ஏர் பம்பின் கல்லைப் போடுகிறேன். பாக்டீரியாவும் பிழைக்கும், மீனும் பிழைக்கும். ஸ்பாஞ்சை வெளியே எடுத்து அலசி வைத்துவிடுகிறேன். மீண்டும் ஓடவிடும்போது டப்பாவின் பழைய தண்ணீர் சாக்கடைக்குத்தான் போக வேண்டும்.

இன்வெர்ட்டரில் இணைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் வடிகட்டியின் மோட்டார் உறுமும், சூடாகும். சைன் அலை இன்வெர்ட்டர்தான் இதற்குப் பொருந்தும்.

சத்தம்

கழுவிய ஒரு நாளுக்குக் களகளவென்று காற்று வெளியேறும் சத்தம் இருக்கும். டப்பாவை மெதுவாக இருபுறமும் சாய்த்து ஆட்டினால் சிக்கிய காற்று போய்விடும். நாட்கள் கடந்தும் களகளவென்றால் காற்று எங்கிருந்தோ உள்ளே வருகிறது. முதலில் ஏர் ஸ்டோன் உறிஞ்சும் வாய்க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், நீர்மட்டத்துக்கு மேலே உள்ள உறிஞ்சுகுழாயின் வளைவு இணைப்பில் நனைந்த துணியைச் சுற்றுங்கள். சத்தம் நின்றால் கசிவு அங்கேதான். சோப்பு நுரை போட்டுச் சோதிக்கும் பழக்கம் மீன் தொட்டியில் கூடவே கூடாது.

கரகரவென்று அரைக்கும் சத்தம் என்றால் இம்பெல்லர் குழியில் மணல். மெல்லிய மணல் போட்ட தொட்டியில் உறிஞ்சும் வாய் தரையிலிருந்து நான்கு விரற்கடையாவது மேலே இருக்க வேண்டும். சுத்தம் செய்தும் கரகரத்தால் அச்சைப் பாருங்கள். பல வடிகட்டிகளில் அது செராமிக், கைதவறி விழுந்தால் இரண்டாகும். இம்பெல்லரும் அச்சும் உதிரியாகக் கிடைக்குமா என்பதை வடிகட்டி வாங்கும் கடையிலேயே கேட்டு, முடிந்தால் அன்றே ஒரு ஜோடி வாங்கி வையுங்கள். சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் பல பிராண்டுகளுக்கு உதிரி கிடைக்கிறது. எதற்குக் கிடைக்கவில்லையோ அதை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை.

உறுமல் மட்டும் வந்து தண்ணீர் வரவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். இம்பெல்லர் சிக்கியிருக்கலாம், அல்லது காற்று அடைத்திருக்கலாம். டப்பாவைத் தண்ணீரால் முழுவதும் நிரப்பி, குழாயிலும் தண்ணீர் இறங்கியபிறகு மீண்டும் போடுங்கள்.

ஒழுகுகிறது

சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மின்கம்பி சுவருக்குப் போகும் வழியில் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு தொங்கல் விட்டிருக்க வேண்டும். கம்பியில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. இது இல்லாத வீடுகளில் இன்றே செய்துவிடுங்கள்.

கசிவு தலைப்பகுதியைச் சுற்றி என்றால் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம். ஒரு மணல் துகள், ஒரு தலைமுடி போதும். பள்ளத்தைத் துணியால் துடைத்து, வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவி உட்காரவையுங்கள். தேங்காய் எண்ணெயும் வாசலினும் வேண்டாம். சில வகை ரப்பரை அவை ஊதவைத்துக் கெடுத்துவிடும். தட்டையாகவோ வெடிப்போடோ இருக்கும் வளையத்தை மாற்றுவதே சரி. குழாய் இணைப்பில் கசிந்தால், குழாய் முனை இறுகிக் கடினமாகியிருக்கும். இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுப் புதிய முனையைச் சொருகுங்கள்.

ஒழுகல் பெருகினால் எவ்வளவு தண்ணீர் வெளியே போகும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? உறிஞ்சும் வாய் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அந்த மட்டம்வரை. அடித்தரைக்கு அருகே இருந்தால் 500 லிட்டர், அரை டன் தண்ணீர், மூன்றாவது மாடியிலிருந்து கீழ்வீட்டுக் கூரைக்குப் போகும். நீர்மட்டத்துக்கு நான்கு அங்குலம் கீழே, உள்ளே போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் சிறு துளை ஒன்று போட்டுவிட்டால், மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து, தண்ணீரைத் தானாக இழுக்கும் சைஃபன் ஓட்டம் அறுந்துவிடும். தண்ணீர் மாற்றும்போது வடிகட்டியை அணைக்க மறக்கக்கூடாது, அவ்வளவுதான்.

வடிகட்டி பெரியது, ஆனாலும் அம்மோனியா குறையவில்லை

தொடங்கி ஆறு வாரம் ஆகவில்லை என்றால் பொறுங்கள். பாக்டீரியா வளர அவ்வளவு காலம் பிடிக்கும். உணவைக் குறைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றிக் காத்திருக்க வேண்டும். போர்வெல் தண்ணீர் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் காலத்தில் கூடுதல் கவனம் தேவை. 28 டிகிரியில், பிஎச் 7 ஆக இருந்தால் அம்மோனியாவில் நச்சுத்தன்மை கொண்ட வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு; பிஎச் 8 ஆனால் ஆறு ஏழு பங்காகிறது. டெஸ்ட் கிட் காட்டும் அதே நிறம் இரண்டு வீடுகளில் இரண்டு வேறு ஆபத்தைக் குறிக்கிறது.

பழைய தொட்டியிலும் குறையவில்லை என்றால், என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? முழுக்க ஆர்.ஓ. தண்ணீரில் மீன் வளர்ப்பது இங்கே பெருகிவருகிறது. அம்மோனியாவை மாற்றும் வேலைக்குக் கார்பனேட் காரத்தன்மை செலவாகிறது: ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏழு கிராம். ஆர்.ஓ. தண்ணீரில் அது கிட்டத்தட்ட இல்லை. காரத்தன்மை தீர்ந்ததும் பிஎச் சரியும், பாக்டீரியாவின் வேலை மந்தமாகும். இன்னொரு வடிகட்டி வாங்கினாலும் பயனில்லை. மூன்றில் ஒரு பங்கு சாதாரணத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கலந்துகொண்டே வாருங்கள். ஒரேயடியாக மாற்றினால் பிஎச் திடீரென ஏறி, இருக்கும் அம்மோனியாவை நச்சாக்கிவிடும்.

நைட்ரேட் மட்டும் ஏறுகிறது என்று வடிகட்டியைக் குறை சொல்லாதீர்கள். அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கு அடையாளமே அதுதான். நைட்ரேட்டை வெளியேற்றுவது வாராந்திரத் தண்ணீர் மாற்றம்.

எல்லாம் பார்த்தாயிற்று, உண்மையாகவே போதவில்லை

இங்கே வந்து சேர்ந்தவர்கள்தான் கடைக்குப் போக வேண்டும். பெட்டியின் லிட்டர் எண்ணைக் கடைசியாகப் பாருங்கள். ஜெர்மனியின் ஈஹைம் கிளாசிக் 2217 மணிக்கு 1000 லிட்டர்தான், 20 வாட். ஆனால் 600 லிட்டர் தொட்டிவரை என்று விற்கப்படுகிறது. சன்சன் 304பி மணிக்கு 2000 லிட்டர், 55 வாட். முதலாவது மாதத்துக்கு 15 யூனிட்டுக்குள் எடுக்கும், இரண்டாவது 40 யூனிட்டை நெருங்கும். அம்மோனியாவை மாற்றுவது மீடியாவின், அதாவது உள்ளே நிரப்பும் வளையம், ஸ்பாஞ்சு போன்றவற்றின், அளவு. கழிவை இழுத்துவருவது ஓட்டம். இரண்டும் வெவ்வேறு தேவை. உங்கள் அறிகுறி அம்மோனியா என்றால் கூடைகளின் கொள்ளளவைப் பாருங்கள், மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மிதக்கும் அழுக்கு என்றால் ஓட்டத்தையும், முன்வடிகட்டி தனியே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஓயேஸ் பயோமாஸ்டரில் டப்பாவைத் திறக்காமலே முன்வடிகட்டியை மட்டும் உருவி எடுத்துக் கழுவலாம். விலை அதிகம்தான், ஆனால் கழிவு மிகுந்த மீனுக்கு இந்த வசதி மதிப்புள்ளது. திறந்து மூடக் கடினமான வடிகட்டியைக் கழுவுவதை நாம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்போம்.

600 லிட்டரில் ஆஸ்கர்களுக்கு நான் எதிர்பார்ப்பது, மீடியா போட்டபின் வாளியில் அளந்து மணிக்கு மூன்று மடங்கு, அதாவது 1800 லிட்டர். செராமிக் வளையங்களும் ஸ்பாஞ்சும் சேர்த்துப் பத்து லிட்டருக்குக் குறையாமல். டிஸ்கஸ், ஏஞ்சல் மீன்களுக்கு இரண்டு மடங்கு ஓட்டம் போதும். வேகம் அவற்றுக்குப் பகை, ஸ்ப்ரே பாரால் பரப்பி விட வேண்டும். புதிதாகத் தொட்டியே செய்யப்போகிறவர்கள் கண்ணாடி ஒட்டும் முன்பே துளை போட்டு, சம்ப் எனும் தனி வடிகட்டித் தொட்டியைக் கீழே வைப்பதைப் பற்றி யோசிக்கலாம். ஏற்கெனவே தண்ணீர் நிற்கும் தொட்டிக்குக் கேனிஸ்டரே பொருத்தம்.

ஒரு பெரிய வடிகட்டியா, இரண்டு நடுத்தர வடிகட்டிகளா என்றால் தயங்காமல் இரண்டு. ஒன்றைக் கழுவும்போது மற்றொன்றில் பாக்டீரியா அப்படியே இருக்கும். ஒன்றின் இம்பெல்லர் உடைந்த இரவில் மற்றொன்று மீனைக் காப்பாற்றும். இரு முனைகளிலும் ஓட்டம் கிடைக்கும். வாங்கும் முன் மரப்பெட்டிக்குள் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். மூடியைத் தூக்கவும் குழாய் மடியாமல் வளையவும் டப்பாவுக்கு மேல் ஒரு சாண் இடம் வேண்டும்.

புதியது வந்ததும் பழையதை அணைத்துவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்து ஆறு வாரம் ஓடவிடுங்கள். இடமில்லை என்றால் பழைய வளையங்களை, தொட்டித் தண்ணீரில் நனைந்தபடியே, புதியதன் நடுக்கூடைக்கு அன்றே மாற்றிவிடுங்கள். அடுத்த இரண்டு வாரம் மீனுக்கு அரை வயிறு உணவு, ஒருநாள் விட்டு ஒருநாள் அம்மோனியா சோதனை.